கள்ளுக்கடை இருந்த இடம்

இங்கிலாந்தில் பப்கள் மூடப்பட்டு வருவதைப் பற்றி அந்நாட்டவர்கள் எழுதுவதைப் படித்தால் ஒரு விஷயம் நமக்கு விநோதமாகப் படும். அவர்களுடைய கவலை பீரைப் பற்றியதல்ல. பீர் எங்கேயும் போய்விடவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பப்பைவிட மலிவாகவே கிடைக்கிறது. அவர்கள் புலம்புவது ஓர் இடத்தைப் பற்றி. வேலை முடிந்து வருகிறவன் வீட்டுக்குப் போகுமுன் நுழைந்து, தெரிந்த முகங்களுக்கு நடுவே ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற இடம். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு செய்தித்தாளில் 'நீருக்கடியில் நிலா' என்ற பெயரில் ஒரு பப்பை வர்ணித்து எழுதினார். நாற்காலி எப்படி, வெளிச்சம் எப்படி, பரிமாறுகிற பெண்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் அப்படி ஒரு பப்பே கிடையாது என்று போட்டு உடைத்தார்.

நாமும் குடியைப் பற்றி நூறு வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். மறியல், சட்டம், தேர்தல் வாக்குறுதி, விஷச்சாராயச் சாவு, நிவாரணத் தொகை, பட்டிமன்றம். இவ்வளவு பேச்சும் திரவத்தைப் பற்றியது. கள்ளா, சாராயமா, பிராந்தியா? உடம்புக்கு நல்லதா, கெட்டதா? கஜானாவுக்கு வரவா, குடும்பத்துக்குச் செலவா? குடித்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்று காங்கிரஸ்காரர் கேட்டதில்லை. திராவிட இயக்கத்தார் கேட்டதில்லை. நம் இடதுசாரித் தோழர்களும் கேட்டதாக ஞாபகம் இல்லை. குடிக்கிறவனுக்கு எடம் ஒரு கேடா என்பதுதான் இங்கே எல்லாருக்கும் பொதுவான அபிப்பிராயம்.

இந்தக் கேள்வியைத் தளியிலிருந்து கேட்பதற்குச் சில காரணங்கள் உண்டு. ஒசூருக்குத் தெற்கே, ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில், சில கிலோமீட்டர் போனால் கர்நாடக எல்லை என்று இருக்கிற ஊர் இது. குளிர்ச்சியான ஊர் என்பதால் வெள்ளைக்காரர்கள் இதைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்ததாகச் சொல்வது இந்தப் பக்கத்தில் வழக்கம். அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள் (எதற்கு என்று தெரியவில்லை). 1937 அக்டோபர் 1ஆம் தேதி சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு அமுலுக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். ஒசூர் தாலுகா அன்றைக்குச் சேலம் மாவட்டத்தில் இருந்தது. அதைக் கொண்டுவந்த பிரதம மந்திரி ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஒசூருக்குப் பக்கத்துக் கிராமம்தான். கள்ளுக்கடையை முதலில் இழந்த மண் இது. ஆனாலும் கோட்டைத் தாண்டினால் வேறு சட்டம். சட்டம் ஓர் இடத்தை என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

*

முதலில் பப் விஷயத்தை முடித்துவிடலாம். அதை 'மரபு' என்று ஏலம் போடுகிறவர்கள் அது சட்டத்தால் எப்படியெல்லாம் வெட்டி ஒட்டப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. 1830இல் வந்த பீர்க்கடைச் சட்டம், வரி கட்டுகிற எவனும் இரண்டு கினி கொடுத்தால் வீட்டு முன்னறையிலேயே பீர் விற்கலாம் என்றது. ஜின் குடிப்பதைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஜின் நாசம், பீர் ஆரோக்கியம் என்கிற எதிர்வு அதற்கும் எண்பது வருஷம் முன்னாலேயே ஹோகார்த் வரைந்த இரண்டு படங்களில் தயாராக இருந்தது. சாராயம் கெட்டது, கள் இயற்கை உணவு என்று இன்று நம்மிடம் பேசுகிறவர்களுக்கு இந்தத் தாத்தா உறவு தெரிந்திருக்க நியாயமில்லை.

1792 ஜனவரியில் லண்டன் எக்ஸிட்டர் தெருவில் 'பெல்' என்கிற மதுக்கடையில் ஒன்பது பேர் கூடினார்கள். கூட்டியவர் தாமஸ் ஹார்டி, செருப்புத் தைக்கிற தொழிலாளி. வாரச் சந்தா ஒரு பென்னி. லண்டன் கடிதத் தொடர்புக் கழகம் என்கிற அந்த அமைப்பின் இந்த முதல் கூட்டத்திலிருந்துதான் ஈ.பி.தாம்சன் ஆங்கிலத் தொழிலாளி வர்க்கம் உருவான வரலாற்றை எழுதத் தொடங்குகிறார். ஒரு வர்க்கம் தன்னை அறிந்துகொண்டது தொழிற்சாலைக்குள் மட்டும் நடந்த காரியமில்லை. அரசுக்கும் இது தெரிந்திருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுக்கிற கடைக்காரனின் லைசென்ஸ் போய்விடும் என்ற மிரட்டல் உடனே வந்தது. லைசென்ஸ் என்பது திரவத்தின் மேல் மட்டுமல்லாமல் பேச்சின் மேலும் போடப்பட்ட பூட்டு.

முதல் உலகப்போரில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளி குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறான் என்று கடை திறக்கும் நேரத்தைச் சுருக்கினார்கள். போர் 1918இல் முடிந்தது. மத்தியானம் கடையை மூடுகிற சட்டம் 1988 வரை இருந்தது. அதே போர்க்காலத்தில், 1916இல், கார்லைல் பகுதியில் அரசே மதுக்கடைகளையும் பீர் ஆலைகளையும் எடுத்துக்கொண்டது. 1973 வரை அரசுதான் அங்கே பப் நடத்தியது. இதை நம் ஊர் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். அங்கே மேலாளருக்கு மது விற்பனையில் கமிஷன் கிடையாது. எவ்வளவு விற்றாலும் அவர் சம்பளம் அதேதான். சாப்பாடு கட்டாயம் கிடைக்க வேண்டும். ஹாரி ரெட்ஃபெர்ன் என்கிற கட்டடக்கலைஞரை வைத்து உட்கார வசதியான, வெளிச்சமான கூடங்களைக் கட்டினார்கள். தொழிலாளியைக் கண்காணிக்கிற ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் குடிக்கிறவனுக்கு நாற்காலி வேண்டும் என்று ஓர் அரசாங்கம் யோசித்திருக்கிறது.

பிறகு நடந்தது சந்தையின் கதை. பெரிய பீர் கம்பெனிகளின் ஏகபோகத்தை உடைக்கிறேன் என்று 1989இல் தாட்சர் அரசு போட்ட உத்தரவு, இரண்டாயிரத்துக்கு மேல் பப் வைத்திருந்த கம்பெனிகளை அவற்றின் பிடியைத் தளர்த்தச் சொன்னது. ஆயிரக்கணக்கான பப்கள் கைமாறிப் போய்ச் சேர்ந்தது, அவற்றைக் கட்டட மதிப்பாக மட்டும் பார்த்த புதிய கம்பெனிகளிடம். வாடகை ஏறியது, பல பப்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாயின. 2000இல் பிரிட்டனில் 60 ஆயிரம் பப்கள் இருந்தன. இப்போது 45 ஆயிரம் சொச்சம். ஆர்வெலின் கற்பனை பப்பின் பெயரை ஒரு பெரிய சங்கிலிக் கம்பெனி தன்னுடைய பல கடைகளுக்குச் சூட்டிக்கொண்டது.

இழப்பு உண்மைதான். ஆனால் ஏக்கத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஸ்மெத்விக் என்கிற வார்ப்பட ஆலை ஊர். 1960களில் அங்கே பஞ்சாபிலிருந்து போன தொழிலாளிகள் பப்பில் ஓர் அறையில்தான் குடிக்கலாம். நல்ல நாற்காலி போட்ட அடுத்த அறையில் அவர்களுக்குக் கொடுக்கமாட்டார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரி 12ஆம் தேதி மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்து, அவர்களோடு அப்படிப்பட்ட ஒரு பப்பிற்குள் போனார். ஒன்பது நாள் கழித்து நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம் வந்த இனஉறவுச் சட்டம் பப்களில் நிறப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கியது. இன்றைக்கு அந்த வட்டாரத்தில் மூடாமல் இருக்கிற பப்களில் கணிசமானவற்றை நடத்துவது அந்த இந்தியர்களின் வாரிசுகள். ஒரே கூரை, இரண்டு அறை. நமக்கு ஒரே கடை, இரண்டு தம்ளர். ஓர் இடம் பொதுவாக இருப்பது அதன் இயல்பு கிடையாது. சண்டை போட்டு வாங்குவது.

*

இப்போது நம் பக்கம். ஒசூர்ப் பீடபூமியில் பனை குறைவு. ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் தானாக முளைத்து நிற்பது ஈச்சமரம். இங்கே கள் என்றால் ஈச்சங்கள். தமிழில் கள், தெலுங்கில் கல்லு, கன்னடத்தில் ஹெண்டா. தளிப் பக்கத்தில் வீட்டுக்குள் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, தாசில்தார் ஆபீசில் ஒரு மொழி என்று வாழ்கிற சனங்களுக்கு மூன்று பெயரும் தெரியும். மரமேறுவோர் பனை நாட்டில் நாடார் என்றால், தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பகுதிகளில் ஈடிகர்.

கள்ளின் வேதியியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏனென்றால் இடத்தின் அரசியல் அதற்குள்ளேயே இருக்கிறது. மரத்திலிருந்து வடிகிற சாறு இனிப்பானது. பானையின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் பானையிலும் இருக்கிற நொதி வேலையைத் தொடங்கி, சில மணிநேரத்தில் கள்ளாகிவிடுகிறது. பீர் அளவுக்குப் போதை. மறுநாள் புளித்துக் காடியாகும். வைத்திருக்க முடியாது. தூரத்துக்கு அனுப்ப முடியாது. எனவே கடை மரத்துக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். குடிக்கிறவன் கடைக்கு வந்தாக வேண்டும். வந்தவன் அங்கேயே உட்கார்ந்தாக வேண்டும். ஓலைக் கொட்டகையோ மரத்தடியோ, மொந்தையோ பட்டையோ, தொட்டுக்கொள்ளச் சுண்டலோ கருவாடோ, இவையெல்லாம் கள்ளோடு ஒட்டிப் பிறந்தவை. பிராந்தி பாட்டிலுக்கு இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அதை எங்கே காய்ச்சினார்கள், எங்கே குடிக்கிறார்கள் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அரசுக்குக் கள் எப்போதுமே தலைவலிதான். 1886 ஆப்காரிச் சட்டத்துக்குப் பிறகு கள் இறக்கும் மரத்துக்கு வரி போட்டு, மரத்துக்கு எண் குறித்து, கடையை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். மரம் ஏறுகிறவனுடைய உடலும் மரமும் காலனிய அரசின் கணக்கேட்டுக்குள் வந்தன. ஆனாலும் ராத்திரி எந்த மரத்தில் எவன் ஏறினான் என்று எந்த இன்ஸ்பெக்டர் பார்ப்பார்? மையமாக ஓர் ஆலையில் வடித்து, அளந்து, முத்திரையிட்டு அனுப்புகிற சாராயம்தான் கணக்குப் பார்க்கத் தோதானது. சாராயத்திலிருந்து லேபிள் ஒட்டிய பாட்டில் வரைக்கும் வந்த பாதையை அரசின் கண்ணுக்கு எது தெளிவாகத் தெரியும் என்கிற கேள்வியை வைத்தும் படிக்கலாம்.

கள்ளுக்கடைக்கு எதிரான தேசியவாதச் சொல்லாடல் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியாரோடு நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்நின்றார்கள். சேலத்துக்குப் பக்கத்தில் தன் தோப்பில் இருந்த ஐந்நூறு தென்னைகளைப் பெரியார் வெட்டிச் சாய்த்தார். (பின்னாளில் அவரே மதுவிலக்கை எதிர்த்து எழுதினார். மரங்களை வெட்டிய கதையைப் பாடப்புத்தகத்தில் போடுகிறவர்கள் அந்த எழுத்தைப் போடுவதில்லை.) ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டுப் பக்கம் ஆசிரமம் அமைத்தார். அங்கிருந்து 'விமோசனம்' என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை வந்தது. கல்கி அதில் வேலை பார்த்தார். விமோசனம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சாபத்திலிருந்து விடுபடுவது. சாபம் பெற்ற உடல் உழைப்பாளியின் உடல். விடுவிக்க வருகிறவர் அந்தக் கள்ளை வாயில் வைத்தே அறியாதவர்.

1937இல் சேலத்தில் கடைகளை மூடிய கையோடு அரசாங்கம் இன்னொரு காரியம் செய்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சாயங்காலங்களில் பஜனை, நாடகம், விளையாட்டுப் போட்டி என்று ஏற்பாடு செய்தார்கள். டீக்கடைகளை ஊக்குவித்தார்கள். மேடையில் கள் என்கிற விஷத்தைப் பற்றி மட்டும் பேசிய அதே அரசுக்கு, கடையை மூடினால் ஒரு பொழுதும் ஓர் இடமும் காலியாகிவிடும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. காலியான இடத்தில் பஜனையை வைத்தார்கள். வருமானத்தில் விழுந்த ஓட்டையை 1939இல் விற்பனை வரி போட்டு அடைத்தார்கள். வரி நிலைத்தது. பஜனை நிலைக்கவில்லை.

டீக்கடை நிலைத்தது. ஹேபர்மாஸின் பொதுவெளியைப் பற்றி எழுதும் நண்பர்கள் லண்டன் காப்பிக்கடையிலிருந்து நேராக நம்முடைய காப்பி கிளப்புக்கு வந்துவிடுகிறார்கள். ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் காப்பியின் மேல் மத்தியதர வர்க்கம் ஏற்றிய மதிப்புகளைக் காட்டியிருக்கிறார். பிராமணாள் ஓட்டல் என்று பலகை போட்டுக்கொண்டு இருந்தது அந்தப் பொதுவெளி. கிராமத்து டீக்கடையோ இரட்டைக் குவளையின் வீடாகவே ஆனது. போதையில்லாத, ஒழுக்கமான, பேப்பர் படிக்கிற இடம்தான் தம்ளரை இரண்டாகப் பிரித்தது.

அப்படியானால் கள்ளுக்கடையில் சாதி இல்லையா? இருந்தது. தள்ளி உட்காரச் சொன்னதும் தூக்கி ஊற்றியதும் அங்கேயும் உண்டு. கள்ளுக்கடையைச் சமத்துவபுரமாக்கிக் காட்டுவது என் வேலையில்லை. ஆனால் ஓலையை மடித்துச் செய்த பட்டையைக் குடித்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதைக் கழுவ வேண்டியதில்லை. எச்சில் யாருடையது என்கிற கேள்வி எழ வாய்ப்பு குறைவு. போதை ஏறியபின் தூரங்கள் கொஞ்சம் அழியத்தான் செய்யும். ராவுல சாமியாடுறவன் மாதிரி, கள்ளுக்கடையில் ஒருவன் பகலில் சொல்ல முடியாததைச் சொல்லலாம். பண்ணையாரைக்கூட ஏசலாம்.

ஏசினால் என்ன ஆகும்? 'குடிகாரன் பேச்சு பொழுது விடிஞ்சா போச்சு.' இந்தப் பழமொழியை நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பைத்தியத்தின் பேச்சு எப்படிச் செல்லாத பேச்சாக ஒதுக்கப்பட்டது என்று ஃபூக்கோ எழுதியதைப் படித்துத் தலையாட்டிய நாம், குடிகாரன் பேச்சு விஷயத்தில் அதே வேலையைச் செய்கிற நம் பழமொழியைக் கண்டுகொள்ளவில்லை. பேசியவனுக்கு அதில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. போதையில சொல்லிட்டான், விடுங்க சாமி. விடிந்தால் போய்விடும் என்பதால்தான் அதைச் சொல்லவே முடிந்தது. சொல்வதற்கு ஓர் இடம் இருந்தால்.

இலக்கியத்தைப் பாருங்கள். தளியிலிருந்து எல்லை தாண்டினால் கன்னடத்தில் ஜி.பி.ராஜரத்னம் 1930களில் 'எண்ட்குடுக ரத்ன' என்று ஒரு பாத்திரத்தைப் படைத்தார். ரத்னன் ஹெண்டா குடிக்கிறவன். கள்ளுக்கடையின் கொச்சைக் கன்னடத்திலேயே பாடுகிறான். பெண்டாட்டி மேலும் கன்னடத்தின் மேலும் பிரியம் வைத்துப் பாடுகிறான். எழுதிய பேராசிரியர் குடிக்காதவர் என்பது வேறு விஷயம். குடிகாரனை அவர் பேச விட்டார். அந்தப் பாடல்களை இன்றும் கன்னடர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதே காலத்தில் நம்மவர்கள் 'விமோசனம்' நடத்திக்கொண்டிருந்தோம். தமிழில் குடிகாரன் திருத்தப்பட வேண்டியவனாக வருவான், அல்லது சினிமாவில் சிரிப்புக் காட்ட வருவான். தன் மொழியில் உலகத்தைப் பார்த்துப் பேசுகிற ரத்னன் நமக்கு இல்லை.

சங்க இலக்கியத்தில் இருக்கிறதே என்று புலவர்கள் கிளம்புவார்கள். இருக்கிறதுதான். புறநானூறு 235இல் அதியமான் செத்தபோது ஔவை அழுகிறாள். அதியமான் தகடூர்க்காரன், இன்றைய தருமபுரி. நம்ம பக்கத்து ஆள். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடித்து மகிழ்வான் என்கிறாள். ஓர் அரசனை இழந்த துக்கத்தில் ஒரு பெண்ணுக்கு முதலில் ஞாபகம் வருவது கள்ளை எப்படிப் பங்கிட்டான் என்பது. நம் பேராசிரியர்கள் இதை அரசனின் கொடைத்திறம் என்று நோட்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வகுப்பில் கள்ளுண்ணாமை அதிகாரம் நடத்தப் போய்விடுவார்கள்.

*

சுதந்திரத்துக்குப் பின் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடலாம். 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் கருணாநிதி அரசு அதைத் தள்ளி வைத்தது. 1973இல் கள்ளுக்கடையும் 1974இல் சாராயக்கடையும் மறுபடி மூடல். எம்.ஜி.ஆர். 1981இல் இரண்டையும் திறந்தார். 1983இல் டாஸ்மாக் மொத்த வியாபாரம். 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. வெளிநாட்டு வகை மதுவுக்குத் தடையில்லை. 1990இல் மலிவு விலை மது, 1991இல் ஜெயலலிதா அதை ஒழித்தார். 2003 நவம்பரில் அவரே சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக் கையில் கொடுத்தார். இந்த ஊஞ்சலில் சாராயமும் பிராந்தியும் போய்ப்போய்த் திரும்பின. 1987இல் போன கள் திரும்பவே இல்லை.

அந்தக் காலகட்டத்தில்தான் ஒசூர் ஒசூராக ஆகிக்கொண்டிருந்தது. சிப்காட், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன். மூன்று ஷிப்ட் சைரனும் கள்ளின் காலமும் ஒத்துப்போகாது. கள் விடியற்காலையில் இறங்கும், உச்சிவெயிலில் முதிரும். பி ஷிப்ட் முடிந்து ராத்திரி வெளியே வருகிறவனுக்கு அது காத்திருக்காது. குவார்ட்டர் பாட்டில் காத்திருக்கும். தொழிற்சாலை கள்ளை ஒழித்தது என்று சொல்லவில்லை. சட்டம் கள்ளைத் தடுத்தபோது தொழிற்சாலைக்கு அது தோதாக இருந்தது.

கார்லைலை இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். அங்கேயும் அரசு ஏகபோகம், இங்கேயும் அரசு ஏகபோகம். அவர்கள் எடுத்துக்கொண்டது இடத்தை. நம் அரசு எடுத்துக்கொண்டது பாட்டிலை மட்டும். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடிக்கும் மேல். விற்கிற அரசாங்கம் கம்பிக்கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. குடிக்கிறவன் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நாற்காலி வேண்டுமென்றால் பக்கத்தில் 'பார்' உண்டு. அது ஏலம் எடுத்த தனியாரின் சமாச்சாரம். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் தம்ளர், ஈரத் தரை. ஐந்து நிமிஷத்தில் ஊற்றிக்கொண்டு கிளம்பு. இவ்வளவு பெரிய வருமானத்தைத் தருகிறவனை உட்காரவைக்க அரசாங்கத்துக்கு மனசில்லை. உட்காரவைத்தால் குடியை அங்கீகரித்ததாகிவிடுமாம்! இவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும் ஒரு வழக்கம் மிச்சமிருக்கிறது. முழுக் குவார்ட்டருக்குக் காசில்லாதவன் கடை வாசலில் நின்று 'கட்டிங் இருக்கா?' என்று முகம் தெரியாத இன்னொருவனைக் கேட்பான். இரண்டு பேரும் காசு சேர்த்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வார்கள். பேர் கேட்கமாட்டார்கள். சாதியும் கேட்க நேரமிருக்காது.

எல்லைக்கு வருவோம். 1937இல் ஒசூர் தாலுகாவில் கடைகளை மூடியபோது மைசூர் சமஸ்தானத்தில் கடைகள் திறந்திருந்தன. எழுபது வருஷம் கழித்தும் இதுதான் நிலை. இந்தப் பக்கம் சாராயம் இல்லை, அந்தப் பக்கம் பாக்கெட் சாராயம். ஆனேக்கல் போய்க் குடித்துவிட்டு வருகிறவன் தொலைதூரப் பிரயாணியாக இருந்தான். 2007 ஜூலை 1 முதல் கர்நாடகமும் சாராயத்தைத் தடைசெய்தது. பத்து மாதம் கழிந்தது. 2008 மே மாதம், கர்நாடகத்தில் சட்டசபைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரத்தில், பெங்களூரைச் சுற்றியும் எல்லைக்கு இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து 150 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் கூலிக்காரர்கள். இரண்டு மாநில அரசுகளும் சரக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று விசாரித்தன. 2023இல் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024இல் கள்ளக்குறிச்சியிலும் அதே மெத்தனால், அதே விசாரணை. விஷச்சாராயம் பாக்கெட்டில் வருகிறது. ஓடையோரத்தில், இருட்டில், தனியாகக் குடிக்கப்படுகிறது. ஒரு கடையில் பத்துப் பேர் உட்கார்ந்து குடித்தால் முதல் ஆள் கண்ணைக் கசக்கும்போது இரண்டாவது ஆள் மொந்தையைக் கீழே வைப்பான். இடம் ஒரு பாதுகாப்பு என்று சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

அதே எல்லைக்கு அந்தப் பக்கம், 1980களின் கடைசியிலிருந்து பெங்களூருக்கு 'பப் நகரம்' என்று பேர். இங்கிலாந்தில் இடிந்துகொண்டிருந்த மரக் கவுண்டரும் அம்பெறி பலகையும் அங்கே புதிதாக முளைத்தன. அந்த இடத்தில் உட்கார ஒரு வர்க்கத்துக்கு உரிமை கிடைத்தது. அதிலும் பெண்கள் உட்கார்ந்தால் அடிப்போம் என்று 2009 ஜனவரியில் மங்களூரில் ஸ்ரீராம சேனை புகுந்து அடித்தது. தளியின் பசுமைக்குடில்களில் வளர்கிற ரோஜா பெங்களூருக்குப் போகிறது. குடிலில் மருந்தடிக்கிற ஆள் சாயங்காலம் எங்கே உட்காருவான்?

*

இங்கே ஒரு பெண் வாசகர் நிறுத்தச் சொல்வார் என்று தெரியும். நீங்க எடம் எடம்னு பேசுங்க, அடி வாங்குறது யாரு? 1992இல் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டாவில் சாராயத்துக்கு எதிராகக் கிளம்பியவர்கள் படிப்பறிவு வகுப்புக்குப் போன ஏழைப் பெண்கள். மூன்று வருஷத்தில் ஆந்திராவே மதுவிலக்குக்கு வந்தது. 2015இல் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காக மக்கள் பாடகர் கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானார். இவற்றைத் தள்ளிவிட்டு என்னால் பேச முடியாது. கள்ளுக்கடை ஆண்களின் இடமாகத்தான் பெரும்பாலும் இருந்தது. உழைக்கும் சாதிப் பெண்கள் குடித்ததும் உண்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கூலி முழுக்கக் கடையில் போன வீடுகளின் கணக்கு பெண்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் எதிர்த்தது அரசு ஏலம் விட்டு வீட்டு வாசல்வரை கொண்டுவந்த சாராயத்தை. ஆண்களுக்கு ஓர் இடம் இருந்தது, பெண்களுக்கு அதுவும் இல்லை. இப்போது ஆண்களுக்கும் இல்லாமல் ஆக்கிவிட்டோம் என்பதைச் சமத்துவம் என்று யாராவது சொல்வார்களா?

கள்ளுக்குத் தடை நீக்கக் கோரும் இயக்கங்கள் இப்போது சத்தமாகவே நடக்கின்றன. தலைவர்கள் பனையேறிக் கள் இறக்கிக் காட்டுகிறார்கள். கள் உணவு, கள் மருந்து, கள் தமிழர் பானம். தடை அநியாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இவர்களும் திரவத்தைத்தான் பேசுகிறார்கள். ஒரு பக்கம் மரம் வைத்திருக்கும் விவசாயியின் லாபம், இன்னொரு பக்கம் இனப்பெருமை. மரமேறுகிறவனின் கூலியும் ஆபத்தும் அடுத்த பத்தியில் வரும். குடிக்கிறவன் வருவதே இல்லை. நாளைக்கே தடை நீங்கினால் கள் பதப்படுத்தப்பட்டு, டெட்ரா பாக்கெட்டில் அடைக்கப்பட்டு, பிராண்டு பேரோடு அதே கம்பிக்கூண்டுக்குள்ளிருந்து நீட்டப்படும். தமிழர் பானத்தைத் தமிழன் தெருவோரம் நின்று குடித்துக்கொள்ளலாம்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இலக்கியக் கூட்டம் முடிந்தபிறகு லாட்ஜ் அறையில் நடக்கும் இரண்டாவது கூட்டத்தை அறியாதவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் குறைவு. பல விவாதங்கள், சில சிறுபத்திரிகைகளே, அங்கே பிறந்தவை. அதை நாம் கலகம் என்கிறோம், போஹேமியம் என்கிறோம். செத்துப்போன கவிஞனின் குடியைப் பற்றி அஞ்சலிக் குறிப்பில் கண்ணீரோடு எழுதுகிறோம். அதே குடியைக் கல்குவாரித் தொழிலாளி குடித்தால் அது சமூகத் தீமை. நாம் கட்டுரை எழுதுகிற விஷயம். நமக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறது என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம்?

தளி ரோட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால், கடைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற சின்னப் பாலத்துக் கட்டைமேல் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டில் ஓரமாக இருக்கும். தெலுங்கில் தொடங்கிய பேச்சு கன்னடத்தில் போய்த் தமிழில் முடியும். மேஸ்திரி கொடுக்காத பாக்கி, ரேஷன் கார்டு, மகள் போகிற கம்பெனி பஸ். போலீஸ் ஜீப்பின் வெளிச்சம் வளைவில் தெரிந்ததும் எழுந்து, ஆளுக்கொரு பக்கமாக இருட்டில் இறங்கிவிடுவார்கள்.